கோல் போடாதவரின் புகழ்

மூலக்குளத்தில் நம் வீட்டெதிரே ஒரு காலி மனை உண்டு. மாலை வேளைகளில் பிள்ளைகள் அங்கே பந்தாடுவார்கள். முதுகிலே அர்ஜெண்டீனா, போர்ச்சுகல் தேசத்து வீரர்களின் பெயர்கள்! கோல் போட எல்லோரும் தயார். பின்னால் நின்று தடுக்க மட்டும் ஒருவனும் இசைவதில்லை. தினந்தோறும் இதே சச்சரவுதான்.

சென்ற வாரம் திண்ணையில் நம்மோடு அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த வங்காளி நண்பர், "கோஷ்ட பாலை அறிவீர்களா?" என்றார். அறியோம் என்று வெட்கத்தை விட்டு ஒப்புக்கொண்டோம்.

ஸ்ரீ அரவிந்தர் 1910-இல் புதுவைக்கு வந்தது முதல் வங்காளத்துக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு நேயர்கள் அறிந்ததே. நண்பரின் தகப்பனாரும் அவ்வழியே இங்கு வந்து தங்கியவர். கல்கத்தா மைதானத்தில் கோஷ்ட பாலின் ஆட்டத்தைக் கண்ணாரக் கண்டவர்.

1911-இல் மோகன் பகான் சங்கத்தார் கிழக்கு யார்க்‌ஷயர்ப் படையினரை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினார்கள். பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். கோஷ்ட பால் அந்தப் பதினொருவரில் ஒருவரல்லர். பரீத்பூர் ஜில்லாவில் 1896-இல் பிறந்த அவர், அவ்வெற்றிக்குப் பிறகே அச்சங்கத்தில் சேர்ந்தார். 1935 வரை அங்கேயே ஆடினார். அதுவும் தடுப்பு ஆட்டக்காரராக, வெறுங்காலுடன்! ஆங்கிலேயரின் பூட்ஸ் கால்களுக்கு எதிரே அசையாமல் நின்றதால் அவருக்குச் 'சீனச் சுவர்' என்ற பெயர் நிலைத்தது. 1933-இல் இலங்கை சென்ற இந்தியக் குழுவுக்கும் அவரே தலைவர்.

இனித்தான் வேடிக்கை. அவர் ஆடிய காலமெங்கும் மோகன் பகானுக்கு அந்தக் கேடயம் மறுபடி கிட்டவில்லை. 1923-இல் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றார்கள். கல்கத்தா லீக் பட்டமோ 1939-இல்தான் முதன்முதலாக வந்தது. அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மழைக்காலத்துச் சேற்றில் வெறுங்கால் வழுக்கும், பூட்ஸ் வழுக்காது. பந்தாட்டக்காரரில் முதலாவதாக 1962-இல் பத்மஸ்ரீ பெற்றவர் இவரே. 1976-இல் மறைந்தார். அதன் பின்பும் கல்கத்தாவில் சிலை எழுந்தது, ஒரு சாலைக்கு அவர் பெயர் இடப்பட்டது, 1998-இல் தபால் தலையும் வந்தது.

"பெரிய கேடயம் ஒன்றும் வெல்லாதவருக்கா இத்தனை?" என்று சற்று துடுக்காகவே கேட்டோம்.

நண்பர் கோபிக்கவில்லை. "என் தகப்பனார் ஒரு நாளும் வெற்றிக் கணக்குச் சொன்னதில்லை. பூட்ஸ் கால் வெறுங்காலில் மோதும் ஓசையைத்தான் சொல்வார். அதன் பின்பும் அவர் நின்றுகொண்டிருந்ததைச் சொல்வார். அந்நாளில் எங்கள் ஜனங்களுக்கு வேறெங்கே அப்படி ஒருவர் எதிர்த்து நிற்கக் கண்ணால் காணக் கிடைத்தது?" என்றார். அவரும் அந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை; கேட்டதுதான். ஆனால் சொல்லும்போது அவர் கால் தானாகவே திண்ணையில் ஊன்றிக்கொண்டதை நாம் கவனித்தோம்.

மறுநாள் பிள்ளைகளை அழைத்து இக்கதையைச் சொன்னோம். ஆவலோடு கேட்டார்கள். முடிவில் ஒரு சிறுவன், "அவர் எத்தனை கோல் போட்டார், தாத்தா?" என்றான்.

நாம் நண்பரைப் பார்த்தோம். நண்பர் சிரித்தார்.