களையத் தகாத தலை

பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களைப் பேணுவோர்க்கு உலகெங்கும் ஒரே கவலைதான்: உதிரிபாகம். அவற்றுள்ளும் சிலிண்டர் ஹெட் போன்ற வார்ப்புகள் கிடைப்பது அரிது. ராயல் என்ஃபீல்டு புல்லட் மட்டும் நெடுங்காலம் இக்கவலைக்கு ஆட்படாதிருந்தது. காரணம், சென்னை. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனத்தோடு மதராஸ் மோட்டார்ஸ் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிற்று. 1957-இல் கருவிகளும் அச்சுகளும் விற்கப்பட்டுத் திருவொற்றியூருக்கு வந்தன. 1962 முதல் பாகங்கள் அனைத்தும் இங்கேயே உருவாயின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. இங்கோ உலை அணையவில்லை. 1977-இல் திருவொற்றியூர் வண்டிகள் பிரிட்டனுக்கே கப்பலேறின. ரெட்டிச் ஊசி செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர்; என்ஃபீல்டின் மூதாதையே ஓர் ஊசித் தொழிற்சாலைதான். கொல்லத் தெருவில் ஊசி விற்பது என்ற பழமொழி இவ்வளவு துல்லியமாகப் பலித்த வேறோர் இடம் நாமறிந்து இல்லை.

அந்தப் பழைய எஞ்சின் 2010-ஐ ஒட்டி நின்றுபோனது. அதன்பின் வந்த எஞ்சின்களின் ஹெட் இதற்குப் பொருந்தாது. ஆகவே நாஞ்சில் நாட்டில் பழைய புல்லட் வைத்திருப்போரும் இப்போது உலகத்தின் கவலைக்குள் வந்துவிட்டோம்.

எம்முடையது 1984-ஆம் ஆண்டு வண்டி, 346 சிசி. கீழே சிலிண்டர் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். வெவ்வேறு இயல்புடைய இரண்டையும் நடுவே ஒரு கேஸ்கெட் வைத்துப் பிணைத்திருக்கிறார்கள். பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் இந்தப் பொருந்தா மணம்தான். போதாததற்கு எமது மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றும் உண்டு. உப்பு ஈரம் பட்டால் எஃகு ஸ்டட்டைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து ஸ்டட்டை இறுகக் கவ்விக்கொள்ளும். கழற்றுகிறவன் அவசரக்காரனாயின் ஸ்டட் முறியும். ஸ்பானர் தேர்விலும் கவனம் வேண்டும். பழைய வண்டிகளின் நட்டுகள் பிரித்தானிய அளவின. மில்லிமீட்டர் ஸ்பானரை நெருக்கி மாட்டினால் விளிம்பு மழுங்கிவிடும்.

சென்ற ஆண்டு எமது ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் சீட் வளையம் தளர்ந்தது. ஸ்பார்க் பிளக் மரையும் போய்விட்டது. புதிது மாட்டிவிடலாமே என்றனர் நண்பர் பலர். வெளியூர்க் கடையொன்றிலிருந்து புதிய ஹெட் ஒன்றை வரவழைத்தோம். கண்ணுக்கு வெள்ளிப் பாத்திரம்போல் இருந்தது. நாகர்கோவிலில் எம் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி வால்வைச் செருகிப் பார்த்தார். கைடு துளை நேராக இல்லை. வால்வு சீட்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே பட்டது. பேஸ்ட் தடவி எத்தனை நாள் தேய்த்தாலும் அது அமரப்போவதில்லை.

“சாரே, பழசக் களஞ்சிராதீங்க” என்றார். “அது நல்ல வார்ப்பாக்கும்.”

பழைய சீட்டை லேத்தில் கடைந்தெடுத்து, பள்ளத்தைச் சற்றே அகட்டி, அதைவிட நூலிழை பெரிதான புதிய வளையம் செய்தார்கள். ஹெட்டைத் தெரிந்த பேக்கரியின் அடுப்பில் வைத்துச் சூடேற்றினார்கள். வளையத்தை உப்புக் கலந்த மீன்கடை ஐஸில் புதைத்தார்கள். அடுப்பிலிருந்து எடுத்த மாத்திரத்தில் வளையத்தை உள்ளே இட்டதும் ‘டிக்’கென்று அமர்ந்தது, ஆறியபின் அலுமினியம் அதை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டது. பிளக் மரைக்கு ஹெலிகாயில் வைத்தாயிற்று. வால்வைத் தேய்த்து முடித்ததும் ஹெட்டைக் கவிழ்த்துப் போர்ட் வழியே பெட்ரோல் ஊற்றினார். அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தோம், ஒரு துளி கசியவில்லை. டாப்பெட்டைக் குளிர்ந்த நிலையில் வைக்க வேண்டும்: புஷ்ராடு விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது.

வகுப்பில் பதிப்பியல் நடத்துகிறவர்கள் நாம். ஏட்டில் நாலெழுத்துச் சிதைந்தால் அவ்விடத்தைச் செம்மை செய்வோமேயன்றி ஏட்டையே கடலில் விடுவதில்லை. ஹெட் விஷயத்திலும் எம் கட்சி அதுவே.

ஆனால் எம் கட்சி வெல்லும் நிலையில் இல்லை. காயலான் கடைகளில் ஹெட் எடைக்குத்தான் போகிறது. சீட் மாற்றினால் இன்னும் பல்லாண்டு ஓடக்கூடிய வார்ப்புகள் அலுமினியம் என்ற ஒரே பெயரில் உருகிப் போகின்றன. சீட் கடைந்த லேத்துக்காரர்க்கு எழுபது வயது. அவரிடம் தொழில் பயின்ற இருவரும் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார்கள். அந்த லேத்தை யார் வாங்குவார் என்று கேட்டோம். அதுவும் எடைக்குத்தான் என்றார், சிரித்துக்கொண்டே.

எமது ஹெட்டின் அடிப்பரப்பை இதுவரை இருமுறை சீவியாயிற்று. இன்னொரு முறை சீவ இடமுண்டாம். அதற்குள் மாற்று ஹெட் ஒன்றைத் தேடி வைப்பதென்று முடிவு செய்து, ஞாயிறுதோறும் மார்த்தாண்டம் வரை பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்குகிறோம். சென்ற வாரம் ஒன்று அகப்பட்டது. துடுப்புகள் இரண்டு உடைந்திருந்தாலும் கைடு துளை நேராயிருந்தது. எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்கி வந்தோம்.