நாற்பது நாள்

மகப்பேற்று மருந்துக்குச் சரக்கு வாங்குவது ஆடவர் வேலையன்று என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2019ஆம் ஆண்டு நம் மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தபோது அந்த எண்ணம் மாறிற்று. இல்லத்தரசியார் ஒரு துண்டுச் சீட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை, வால்மிளகு, கண்டந்திப்பிலி என்று வரிசையாக எழுதிக் கையில் தந்து, "நாமக்கல்லில் வாங்க வேண்டாம், சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கே போய் வாருங்கள்" என்று பணித்தார். அங்குள்ள நாட்டு மருந்துக் கடையில் சீட்டை நீட்டியதும், தராசைத் தொடுமுன் கடைக்காரர் கேட்ட முதற்கேள்வி, "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்பது. இன்னும் பிறக்கவில்லை என்றோம். "அப்படியானால் சரக்கைக் கட்டித் தருகிறேன், காய வைத்து இடித்து வையுங்கள். ஆபரேஷன் என்றால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள், பாய்" என்றார். மூன்று தலைமுறையாகச் சுக்கும் திப்பிலியும் நிறுத்து விற்கும் அவர் வாயிலிருந்து அச்சொல் வந்தது நமக்கு வியப்பாகவே இருந்தது.

வீடு திரும்பினால், மாப்பிள்ளை வேறொரு யோசனையோடு காத்திருந்தார். மருத்துவமனை வேண்டாம், வீட்டிலேயே இயற்கை முறையில் பார்த்துக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. கைப்பேசியில் சில காணொளிகளையும் காட்டினார். "மாமா, நம் நன்னிமார்களெல்லாம் ஆஸ்பத்திரியிலா பெற்றார்கள்? வீட்டில்தானே!" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுள் 100க்கு 45 வயிற்றைக் கீறித்தான் எடுக்கப்படுவதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பிற்பாடு கூறிற்று. ஒரு மக்கள் தொகையில் இவ்வகைப் பேறுகள் 100க்கு 10 என்பதைத் தாண்டினால் அதனால் தாய்சேய் மரணம் மேலும் குறைவதாகக் காணோம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015லேயே அறிவித்திருக்கிறது. ஆகவே கத்தியைக் கண்டு இளைஞர்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும் நன்னிமார்கள் வீட்டில் பெற்றார்கள் என்று அவர் சொன்னபோது, வீட்டில் பெற்று நன்னி ஆகாமலே போனவர் ஒருவர் நம் நினைவுக்கு வந்தார்.

1962ஆம் ஆண்டு. மோகனூருக்கு அருகே காவிரிக்கரைச் சிற்றூர். நமக்கு அப்போது ஆறு வயது. நம் தாயாரின் இளைய சகோதரியை, சின்னம்மாவை, உள்ளறையில் வைத்திருந்தார்கள். அஸருக்குப் பின் ஆண் குழந்தை பிறந்தது. காதில் பாங்கு சொல்லியாயிற்று. சர்க்கரை வழங்கியாயிற்று. ஆனால் நஞ்சு விழவில்லை. மருத்துவச்சி கெட்டிக்காரிதான், அந்த வட்டாரத்தில் அவள் கையில் பிறக்காத பிள்ளை குறைவு. சின்னம்மாவின் கூந்தலை அவர் வாயிலேயே திணித்து ஓங்கரிக்கச் செய்தாள். வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். அவளறிந்த அளவும் செய்தாள். உதிரம் நிற்கவில்லை. நாமக்கல்லுக்குக் கொண்டு போகலாம் என்று ஒருவர் சொல்ல, அங்கே ஆண் டாக்டர்தானே இருப்பார் என்று இன்னொருவர் சொல்ல, வாசலில் கூடியிருந்த பெரியவர்கள் அதைப் பற்றி மஃரிபு வரை பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி பூட்டிப் பாதி வழி போவதற்குள் சின்னம்மா மவுத்தாகிவிட்டார். அந்தப் பேச்சில் நம் நன்னாவும் இருந்தார். அதன்பின் அவர் வாழ்ந்த 19 ஆண்டுகளில் அந்த நாளைக் குறித்து ஒரு வார்த்தை பேசி நாம் கேட்டதில்லை.

வேலூர் மருத்துவக் கல்லூரி தோன்றிய வரலாற்றைப் படித்தபோதெல்லாம் அந்த வாசல் நமக்குக் கண்முன் வரும். 1890களில் திண்டிவனத்தில், அமெரிக்க மருத்துவர் ஒருவரின் இளம் மகள் ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூன்று ஆடவர்கள், ஒருவர் பின் ஒருவராக, தம் மனைவியரின் பேற்றுக்கு உதவி வேண்டி வந்தார்கள். அம்மூவருள் ஒருவர் முஸ்லிம். நான் மருத்துவம் படித்தவளல்லேன், என் தந்தை வருவார் என்றார் அப்பெண். அன்னிய ஆடவர் பார்ப்பதற்கு மூவருமே இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அவ்விரவே அவரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900இல் மருத்துவராகத் திரும்பி வந்து, 1918இல் பெண்களுக்கென்றே வேலூரில் மருத்துவப் பள்ளி தொடங்கினார். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் மருத்துவர் பார்ப்பதற்கு மார்க்கம் எங்கும் தடையிட்டதில்லை. தடையிட்டது வாசலில் நின்றவர்களின் வீம்பு.

இவையெல்லாம் பழங்கதை என்று மாப்பிள்ளை கருதக்கூடும் என்பதால், மேற்கே திருப்பூரில் முந்தைய ஆண்டு நடந்ததையும் எடுத்துச் சொன்னோம். 2018 ஜூலையில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பேறு நடத்த முயன்ற குடும்பத்தில், பள்ளி ஆசிரியையாகிய இளம்பெண், குழந்தை பிறந்த பின் உதிரப்போக்கினால் உயிரிழந்தார். குழந்தை பிழைத்தது. சின்னம்மாவின் கதைக்கும் அதற்கும் இடையே 56 ஆண்டுகள். இறப்பின் காரணம் ஒன்றே.

அக்காரணத்தை நாம் விளங்கிக் கொள்வது நல்லது. குழந்தை வெளிவந்தபின் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான், நஞ்சு ஒட்டியிருந்த இடத்து இரத்தக் குழாய்கள் அடைபடும். சுருங்காவிடில் சில மணி நேரத்துக்குள் நல்ல உடல்நலமுள்ள பெண்ணும் மாண்டு போவாள். குழந்தை பிறந்த உடனே தொடையில் போடப்படும் ஆக்சிடோசின் என்னும் சிறிய ஊசி கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. அவ்வூசி மருந்தைக் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். அதையும் மீறினால் இரத்தம் ஏற்ற வேண்டும். இவ்விரண்டும் எந்த வீட்டு அலமாரியிலும் இல்லை. யாருக்கு உதிரம் மிகும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லவும் இயலாது. மருத்துவமனை வேண்டும் என்பதற்கு நமக்கு இந்த ஒரு காரணமே போதும். தமிழ்நாட்டில் இன்று 100க்கு 99 பேறுகளுக்கு மேல் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. 2018-20 காலத்துக் கணக்குப்படி இலட்சம் பேறுகளுக்கு 54 தாய்மார் இறந்தனர்; இந்தியா முழுமைக்கும் அது 97.

மாப்பிள்ளை நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் இயற்கை முறை என்பதே வேண்டாமா, மாமா?" என்று கேட்டார். பிள்ளை பிறக்கும் அந்த ஒரு நாளை மருத்துவரிடம் விட்டுவிடுவோம். அதற்கு முந்தைய ஒன்பது மாதமும் பிந்தைய நாற்பது நாளும் நம் கையில்தானே இருக்கின்றன என்றோம்.

ஒன்பது மாதத்தில் முதற்கவலை இரத்தசோகை. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது உண்டு. இரத்தமில்லாதவள் சிறிது உதிரப்போக்கையும் தாங்கமாட்டாள். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நம் சேலம், நாமக்கல் சமவெளியில் பஞ்சமில்லாதவை. பிலிக்கல்பாளையத்து வெல்லமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் உணவோடு தேநீர் குடிக்கும் நம் வழக்கம், உண்ட இரும்புச்சத்தை உடலில் சேரவொட்டாமல் செய்துவிடும். சாப்பிட்ட கையோடு ஒரு தம்ளர் தேநீர் இல்லாவிட்டால் நம் வீட்டில் யாருக்கும் பொழுது போகாது. அதை நிறுத்தி எலுமிச்சைச் சாறு கொடுத்தோம். கீரை இருக்கிறதே என்று அரசு தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் விடவில்லை. அரசின் சித்த மருத்துவப் பிரிவு 'மகப்பேறு சஞ்சீவி' என்று 11 மருந்துகள் கொண்ட பெட்டகம் ஒன்றை வழங்கிற்று. அதில் மாதுளை மணப்பாகும், நெல்லிக்காய் லேகியமும், சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தன. சுண்டி என்பது வேறொன்றுமில்லை, சுக்கு.

கடைசி மாதத்தில் நாளொன்றுக்கு ஆறு பேரீச்சம்பழம் உண்ண வைத்தோம். ஜோர்டான் நாட்டில் 69 கர்ப்பிணிகளுக்கு இவ்வாறு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்ததில், வலியைத் தூண்ட மருந்து தேவைப்பட்டவர்கள் குறைந்ததாக 2011இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஆர்ப்பரிக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் உள்ள கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யலாகாது.

பேரீச்சை என்றதும் திருமறையின் 19ஆம் அத்தியாயத்தில் அன்னை மர்யம் (அலை) அவர்களின் பேற்று வேதனையைச் சொல்லும் பகுதி நினைவுக்கு வராமற் போகாது. தனித்துத் துயருற்றிருந்த அவர்களுக்கு அல்லாஹ் அளித்தவை மூன்று: கவலை வேண்டாமென்ற ஆறுதல், காலடியில் ஓடும் நீர், புதிய பேரீச்சங்கனி. இதை ஓதிக்கொண்டே நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைப் பூட்டி வைத்தார்கள்! தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று ஒரு நாளைக்கு அரைச் செம்பு வெந்நீரோடு நிறுத்திவிடுவார்கள். பாலூட்டுபவளுக்கு நீர் வேண்டும் என்பதைச் சொல்லத் தனியாக மருத்துவர் வேண்டுமா? நம் இல்லத்தரசியார் இதில் மட்டும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மர்யம் (அலை) அவர்களின் நிகழ்ச்சியை எடுத்துக் காட்டிய பிறகே சீரகம் போட்டுக் காய்ச்சிய நீரைக் கேட்ட போதெல்லாம் தரச் சம்மதித்தார்.

பேறு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்தது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாகப் பெண்ணொருத்தி உடனிருக்க அனுமதியுண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் இல்லத்தரசியார் உள்ளேயே இருந்தார். மகளைப் படுக்கவே விடாமல், வலியின் இடைவெளியிலெல்லாம் கையைப் பிடித்து நடக்க வைத்ததாகச் சொன்னார். அதிகாலையில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. தொடையில் ஊசியும் போட்டார்கள். மாப்பிள்ளை அதை மறவாமல் செவிலியரிடம் கேட்டு உறுதி செய்து கொண்டார்.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப் பாலோ புகட்டும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் முற்றும் ஒழியவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலையே கொடுத்தோம். பேரீச்சையை மென்று அண்ணத்தில் தடவும் சுன்னத்தை நன்னா முறையில் நாமே நிறைவேற்றினோம், தடவினோம் என்று சொல்லுமளவுக்கு மட்டும். சிலர் தேன் வைக்கிறார்கள். ஓராண்டு நிறையுமுன் குழந்தைக்குத் தேன் ஆகாது.

நாற்பது நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியது மிகுதி. பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறிய லேகியம் விடிந்ததும் ஒரு நெல்லிக்காயளவு. நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதித்த நீரில் குளியல். ஈரக்கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை. கருவாடும் பூண்டுக் குழம்பும் சோறும். இவற்றில் எது எவ்வளவு குணம் செய்தது என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது. ஆனால் அந்நாற்பது நாளும் மகள் அடுப்பங்கரைக்குப் போகவில்லை, குடம் தூக்கவில்லை, இரவில் குழந்தை அழுதால் பசியாற்றிவிட்டு நம்மிடம் தந்துவிட்டு உறங்கினாள். பேற்றுக்குப் பின் சில பெண்களைப் பிடிக்கும் மனச்சோர்வு அவளையும் பன்னிரண்டாம் நாள் எட்டிப் பார்த்தது. காரணமில்லாமல் அழுதாள். ஜின், கண்ணேறு என்று யாரும் தொடங்குமுன் சுகாதார நிலையத்துச் செவிலியரை அழைத்துப் பேச வைத்தோம். ஒரு வாரத்தில் தெளிந்தாள்.

மார்க்கச் சட்டத்திலும் ஒரு தவறு நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. நாற்பது நாள் நிறையும்வரை தொழுகை கூடாது என்று பெண்கள் எண்ணுகிறார்கள். ஹனஃபி மத்ஹபில் நாற்பது என்பது நிஃபாஸின் உச்ச அளவு, ஷாஃபியில் அறுபது. குறைந்த அளவென்று ஒன்றில்லை. உதிரம் நின்றால் அன்றே குளித்துத் தொழ வேண்டியதுதான். மகளுக்கு இருபத்தாறாம் நாள் நின்றது, தொழுதாள். "தொழுகிறாளே, இனி வேலை செய்யலாமே" என்று பார்க்க வந்த ஓர் அம்மையார் சொன்னார். தொழுகைக்கும் குடம் தூக்குவதற்கும் என்ன தொடர்போ தெரியவில்லை.

அதே அம்மையார்தான், "பெண்பிள்ளைக்கா இவ்வளவு செலவு?" என்றும் கேட்டவர். பிறந்த பெண் மகவுகளைக் கொன்ற கொடுமைக்காகவே 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்க வேண்டியிருந்தது. நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்ந்தே இருந்தது. நம் சமுதாயத்தில் அக்கொடுமை இல்லை என்று நாம் மார்தட்டுவதுண்டு. ஆனால் பெண் பெற்றவளின் லேகியத்தில் நெய் குறைவதை நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம். ஏழாம் நாள் அகீகா கொடுத்தோம். அம்மையாருக்கும் கறி போயிற்று.

அந்நாட்களில் நம் தெருவின் கடைசி வீட்டில், லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் பீகார் இளைஞர் ஒருவரின் மனைவி பிள்ளை பெற்றிருந்தாள். தாயுமில்லை, மாமியாருமில்லை. கணவர் காலையில் போனால் இரவில்தான் வருவார். பேறு முடிந்த நான்காம் நாளே அப்பெண் தெருக்குழாயில் நீர் பிடிப்பதைக் கண்ட இல்லத்தரசியார், குடத்தைப் பிடுங்கி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் ஒரு கிண்ணம் லேகியத்தோடு போனார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அப்பெண் கிண்ணத்தை மூக்கருகே கொண்டு போய் முகர்ந்தாளாம், "சோண்ட்!" என்றாளாம். தம் ஊரிலும் அம்மா இதைத்தான் உருண்டை பிடித்துத் தருவார் என்று கையை உருட்டிக் காட்டிவிட்டு அழுதாளாம். சோண்ட் என்றால் சுக்கு என்று இரவு அவள் கணவர் வந்துதான் சொன்னார்.

மறுவாரம் நாம் மீண்டும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். கடைக்காரர் தராசை எடுக்குமுன், "சுகப்பிரசவம்தான், இரண்டு பேருக்கு நிறுங்கள்" என்றோம்.