திண்ணைத் தூணுக்கு வார்னிஷா, எண்ணெயா?

சோழபுரத்தில் எங்கள் வீடு மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தது. திண்ணையில் மாமனார் காலத்துத் தேக்குத் தூண்கள் நான்கு. சாயங்கால வெயிலும் ஐப்பசி மழையும் பட்டுச் சாம்பல் பூத்துவிட்டன. "சிமெண்டுத் தூண் போட்டுடலாம்ப்பா" என்றான் மகன். "எங்க அப்பா சாஞ்சு உக்காந்த தூண்" என்றாள் என் மனைவி. அதற்கு மேல் பேசவில்லை.

ஆசாரி உளிமுனையால் குத்திப் பார்த்து, உள்ளே வைரம் கெடவில்லை என்றார். இனி என்ன பூசுவது?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மரத்தின்மேல் ஏடாகப் படிவதைப் பிரெஞ்சில் 'வெர்னி' என்பார்கள். ஊறி, வரியைக் காட்டுவதை 'லாஸூர்' என்பார்கள். வார்னிஷ் முதலில் பளபளக்கும். மழையில் மரம் உப்பி, வெயிலில் சுருங்கும்போது அந்த ஏடு வெடிக்கும். தண்ணீர் உள்ளே புகுந்து தங்கும். பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டும். ஊறும் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. மங்கினால் துடைத்துவிட்டு மேலேயே பூசலாம். அதனால் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் கேட்டு வாங்கினேன். நம் ஆளிவிதை எண்ணெய்தான்.

சாம்பல் என்பது வெயிலில் செத்த மேல்தோல். அதன்மேல் எதுவும் பிடிக்காது. மாசியில், 80-ஆம் நம்பர் உப்புத்தாளாலும் பிறகு 120-ஆலும் வரியோடு தேய்த்தோம். சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சியது, மரம் தயார். மெல்லிதாகப் பூசி, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்தோம்.

வருஷத்துக்கு ஒருநாள் வேலை; எழுபது தாண்டிய கைக்கும் முடியும். எனக்குப் பின் செய்ய, மகனுக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று கவனம்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காய விடுங்கள்.