பந்தயக் காரும் பொம்மைக் காரும்

காலையில் செய்தித்தாள் வந்ததும் சிலர் அரசியலைத் தேடுவர். சிலர் கிரிக்கெட்டைத் தேடுவர். அடியேன் தேடுவது மோட்டார்ச் செய்தி. இதனால் விடுதியில் எனக்குக் 'கார் பித்தன்' என்று பெயர். இருக்கட்டும், பித்தனுக்கும் ஒரு கருத்து உண்டல்லவா?

2025 மே மாதம் மொனாக்கோ நகரில் நடந்த ஃபார்முலா 2 ஸ்பிரின்ட் பந்தயத்தில் நம் பெங்களூர் இளைஞர் குஷ் மைனி முதலாவதாக வந்தார். அங்கே அவ்வகைப் பந்தயத்தில் வென்ற முதல் இந்தியர் அவரே. விடுதியே ஆர்ப்பரித்தது. அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன்: "இதே ஊரில் ஒரு கார் பிறந்ததே, அதன் பெயர் என்ன?" விடை தெரிந்தவர் ஒருவரே. அவரும் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதுதான் ரேவா. அதே மைனி குடும்பத்தைச் சேர்ந்த சேத்தன் மைனி உருவாக்கிய மின்சாரக் கார். 2001-இல் விற்பனைக்கு வந்தது. பெட்ரோல் இல்லை, புகை இல்லை, கிளட்ச் இல்லை. முன்னால் பெரியவர் இருவர், பின்னால் குழந்தைகள் இருவர், அவ்வளவே இடம். ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும். "பொம்மைக் கார்" என்று நம்மவர் நகைத்தனர். லண்டன்வாசிகளோ 'ஜி-விஸ்' என்ற பெயரில் அதை வாங்கி ஓட்டினர். மின்சாரக் காராதலால் அந்நகரின் நெரிசல் கட்டணத்திலிருந்து அதற்கு விலக்கும் கிடைத்தது.

குறையே இல்லையா என்றால், உண்டு. ஐரோப்பாவில் அது கார் என்ற வகுப்பிலேயே சேரவில்லை. 'குவாட்ரிசைக்கிள்' என்ற வகுப்பில் சேர்ந்தது. ஆகவே காருக்குரிய மோதல் சோதனை அதற்குக் கட்டாயமில்லை. 2007-இல் அங்கே மோதிப் பார்த்தபோது, உள்ளிருப்போருக்குப் பலத்த காயம் நேரும் என்று தெரிந்தது. குறையை மறைப்பவன் நல்ல ரசிகனல்லன். ஆதலின் இதையும் சொன்னேன்.

நிற்க. 2010-இல் மஹிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பங்கை வாங்கியது. 2014-இல் ஃபார்முலா ஈ என்னும் மின்சாரக் கார்ப் பந்தயம் பெய்ஜிங்கில் தொடங்கியபோது, களத்தில் நின்ற பத்து அணிகளுள் மஹிந்திரா அணியும் ஒன்று. அதன் ஓட்டுநர் இருவரில் ஒருவர் சென்னை கருண் சந்தோக். 2017-இல் பெர்லினில் அந்த அணி தன் முதல் வெற்றியைக் கண்டது.

பொம்மைக் காருக்கும் பந்தயக் காருக்கும் வேகத்தில் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வேற்றுமை. ஆனால் இரண்டுக்கும் கேள்வி ஒன்றே: மின்கலத்தில் இருப்பதை வீணாக்காமல் எவ்வளவு தூரம் ஓடுவது? வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, மின்சாரத்தை மின்கலத்துக்குத் திருப்பித் தரும். இந்த உபாயம் பந்தயக் காரிலும் உண்டு. நாம் நகைத்த ரேவாவிலும் உண்டு!

பந்தயத்துக்குக் கைதட்டும் நாம் பட்டறையைக் கண்டு முகம் சுளிப்பது ஏன்? என் வகுப்பில் இயந்திரப் பொறியியல் படிப்போரில் பெரும்பாலோர் மென்பொருள் வேலைக்கே விண்ணப்பிக்கின்றனர். எனக்கும் அப்படியொரு வேலை கிடைத்திருக்கிறது. சிறிய மின்வண்டித் தொழிற்கூடம் ஒன்றும் அழைத்திருக்கிறது; சம்பளம் பாதிதான். "கார் சோறு போடுமாடா?" என்கிறார் மாமா. தங்கையின் படிப்புச் செலவை எண்ணினால் அவர் கேள்வியைத் தள்ளிவிட இயலவில்லை. ஆயினும் தொழிற்கூடத்துக்கே போவதென முடிவு செய்துவிட்டேன். இரண்டாண்டு பொறுத்துக்கொள்ளும்படி வீட்டாரைக் கேட்டிருக்கிறேன்.

என்னைப் பின்பற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரவர் வீட்டு நிலை அவரவருக்குத் தெரியும். ஒன்று மட்டும் வேண்டுகிறேன். இனிப் பந்தயச் செய்தி வரும்போது, "வென்றவர் யார்?" என்பதோடு, "வண்டியைச் செய்தவர் யார்?" என்றும் கேளுங்கள்.