சுத்தியல் ஓய்ந்த நாற்பது நிமிடங்கள்! - அனுப்பர்பாளையத்தின் ஐ.டி. இன்டர்வியூ கதைகள்

திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து அவிநாசி பஸ்ஸில் ஏறினால், புஷ்பா தியேட்டர், பங்களா ஸ்டாப், காந்தி நகர் என்று வழியெல்லாம் பனியன் ஊர்தான். நூல் கடை, பட்டன் கடை, லேபிள் கடை, 'டெய்லர்கள் தேவை' போர்டுகள். அனுப்பர்பாளையம் வந்ததும் காட்சி மாறிவிடுகிறது. கடை வாசல்களில் பித்தளை அண்டாக்கள், செம்புக் குடங்கள், எவர்சில்வர் குண்டாக்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. பஸ்ஸைவிட்டு இறங்கி ஒரு சந்துக்குள் நுழைந்தால் போதும்... 'டங்... டங்... டங்...'

பனியனுக்குப் பேர்போன திருப்பூருக்குள்ளேயே பாத்திரத்துக்குப் பேர்போன ஊர் இது. உங்கள் வீட்டுச் சீர்வரிசைப் பாத்திரங்களில் ஒன்றாவது இந்தச் சத்தத்தில் பிறந்திருக்கலாம்.

ஆனால், நான் போனது பாத்திரம் வாங்க அல்ல. "எங்க தெருவுல உக்காந்து ஒரு ஐ.டி. இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணிப் பாருங்க, அப்புறம் தெரியும்!" என்று தோழி ஒருத்தியின் கல்லூரி ஜூனியர் விட்ட சவால்தான் என்னை அங்கே இழுத்துப்போனது. அவருக்கு வயது 22. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரி. அப்பா பாத்திரப் பட்டறைத் தொழிலாளி. "பேரும் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். இன்னும் லெட்டர் கைக்கு வரல" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். அதனால் இந்தக் கட்டுரையில் யாருக்கும் பெயர் இல்லை.

"பில்டிங் வேலை நடக்குது சார்!"

முன்பெல்லாம் இன்டர்வியூ என்றால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேரில் போக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு, ஐ.டி. வேலைகளுக்கான முதல் சுற்றுகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. முதலில் ஆன்லைன் தேர்வு. கணக்கு, ஆங்கிலம், லாஜிக், அப்புறம் கோடிங். கேமராவும் மைக்கும் திறந்தே இருக்க வேண்டும். கண் அங்கே இங்கே போனால் எச்சரிக்கை. பக்கத்தில் குரலோ சத்தமோ கேட்டாலும் சில தேர்வு மென்பொருள்கள் குறித்து வைத்துக்கொள்கின்றன. அதைத் தாண்டினால் டெக்னிக்கல் சுற்று, கடைசியாக ஹெச்.ஆர். சுற்று.

தனி அறையும் கதவும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இது வசதி. முன்னறையிலேயே படுக்கை, பின்பக்கச் சுவரை ஒட்டிப் பட்டறை என்றிருக்கும் வீட்டில்?

"முதல் டெஸ்ட்ல, சத்தத்துக்கு வார்னிங் மேல வார்னிங் வந்துச்சு. பயத்துல கோடிங் கேள்வியைப் பாதியிலேயே விட்டுட்டேன். அடுத்த கம்பெனில டெஸ்ட் பாஸ் பண்ணி வீடியோ இன்டர்வியூ வரைக்கும் போயிட்டேன். பேசிட்டு இருக்கறப்போ அந்த சார், 'அது என்ன சத்தம்?'னு கேட்டார். 'பக்கத்துல பில்டிங் வேலை நடக்குது சார்'னு சொல்லிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பா பாத்திரம் அடிக்கிற சத்தம்னு சொல்ல வாய் வரலைங்க. அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு என் மனசு அங்கேயே நின்னுடுச்சு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பத்திக் கேட்டார். லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம். காசு கொடுத்து வாங்கினது. ரெண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கிட்டேன்."

கடையில் ரெடிமேடாக வாங்கிய ப்ராஜெக்ட்டைத் தன்னுடையது என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதையை, அந்த ஒரே நாளில் இன்னும் மூன்று பேரிடம் கேட்டேன். நூலகம், மருத்துவமனை, ஹோட்டல் என்று பெயர்தான் வேறு வேறு.

கோவைக்கு ஒரு பஸ்

நேரில் வரச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. அதற்குக் கோவைதான் போக வேண்டும். சுமார் 50 கிலோமீட்டர். சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி டைடல் பார்க்... இந்தப் பெயர்கள் இங்குள்ள பட்டதாரிகளுக்கு மனப்பாடம்.

டீக்கடையில் சந்தித்த ஒரு தம்பி இதுவரை ஏழு 'வாக்-இன்' போயிருக்கிறார். "காலைல 6 மணி பஸ்ஸைப் பிடிச்சாலும் எனக்கு முன்னாடி ஒரு பெரிய க்யூ நிக்கும். ரெஸ்யூமே வாங்கிட்டு 'கூப்பிடறோம்'னு அனுப்பிடுவாங்க. உள்ள போன ரெண்டு தடவையும் கேட்டது சாதாரணக் கேள்விங்கதான். ஒரு சொல்லைத் தலைகீழா திருப்பற புரோகிராம், எஸ்.க்யூ.எல். ஜாயின், 'உன்னைப் பத்திச் சொல்லு'. கடைசிக் கேள்வியிலதாண்ணா காலி ஆனேன்."

'உன்னைப் பற்றிச் சொல்' என்றால் பெயர், ஊர், அப்பா பெயர், மார்க் என்று பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பித்த பழக்கம்தான் நமக்கு. அவர்கள் கேட்பது அதுவல்ல. 'நீ என்ன செய்திருக்கிறாய், எங்களுக்கு எதற்கு நீ?' என்பதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். இதைக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லையா? 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் திறன் வகுப்புகள் இருந்தன என்கிறார். "வகுப்புல கோடிங் நல்லாவே சொல்லிக்கொடுத்தாங்க. ஆனா, ஒருத்தர் முகத்தைப் பார்த்து இங்கிலீஷ்ல அஞ்சு நிமிஷம் பேசற பயம் இருக்குதே, அது இப்போதான் போயிட்டிருக்கு." தினமும் ராத்திரி மொட்டைமாடியில் நின்று போன் கேமராவைப் பார்த்துப் பேசிப் பழகுகிறாராம். பார்வையாளர், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி!

ஜி.எஸ்.எம். தெரியுமா?

கோவைக்குப் போகாமலேயே, பனியன் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களும் இருக்கிறார்கள். இன்று ஏற்றுமதி ஆர்டர் எடுக்கும் கம்பெனிகளில் நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை கணக்கு முழுக்க ஈ.ஆர்.பி. மென்பொருளில்தான். வெட்டிய துணிக்கட்டுக்கு பார்கோடு, பேட்டர்ன் போட 'கேட்' மென்பொருள் என்று, தையல் மெஷினுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதமான அண்ணன் ஒருவர் தன் இன்டர்வியூவைச் சொன்னார். "எட்டுப் பேர் வந்திருந்தாங்க. மத்தவங்கெல்லாம் என்னைவிட மார்க் அதிகம். முதலாளி ஜாவா, பைத்தான் எதுவும் கேட்கலைங்க. ஒரு எக்செல் ஷீட்டைக் குடுத்து, 'இதுல தப்பு எங்கே இருக்குது, கண்டுபிடி'ன்னார். ஆர்டர் அளவு, எஸ், எம், எல், எக்ஸ்.எல். சைஸ் விகிதம், துணி எடை, எல்லாம் இருந்துச்சு. 160 ஜி.எஸ்.எம். துணின்னு போட்டுட்டு, ஒரு டி-ஷர்ட்டுக்கு 40 கிராம்னு கணக்கு வெச்சிருந்தாங்க. குழந்தைக்குக்கூடப் பத்தாதுங்களே! பார்த்ததும் சிரிச்சுட்டேன்."

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். பெரியவர்கள் போடும் ஒரு டி-ஷர்ட்டுக்குத் தோராயமாக ஒரு சதுர மீட்டர் துணியாவது ஆகும். அப்படியென்றால் 160 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். இது அவருக்கு எப்படித் தெரியும்? "அம்மா இருபது வருஷமா ஓவர்லாக் டெய்லருங்க. சோறு போடறப்போ பேசற பேச்சே துணியைப் பத்தித்தான்."

சம்பளம் ஐ.டி. கம்பெனி அளவுக்கு இல்லை, சனிக்கிழமையும் வேலை என்று குறைபட்டுக்கொண்டாலும், அந்தச் சிரிப்பைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை.

ரெண்டு கதவும் ஆடிய வருஷம்

2025-ஐ இந்தப் பகுதிப் பட்டதாரிகள் லேசில் மறக்க மாட்டார்கள். ஜூலை கடைசியில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. சரியாக ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவிகிதமானது. அமெரிக்காவுக்கு ஆடை அனுப்பும் திருப்பூருக்கு அது நேரடி அடி. பிள்ளை போக நினைத்த வேலையும், அம்மா பார்த்துக்கொண்டிருந்த வேலையும் ஒரே சமயத்தில் ஆடின.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் 'இன்டர்வியூவே வேண்டாம், நேரா ஆஃபர்' என்று புரோக்கர்கள் முளைக்கிறார்கள். டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ், லேப்டாப் ஃபீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நான் பேசியவர்களில் ஒருவரின் குடும்பம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறது. வந்தது, லோகோ போட்ட ஒரு போலிக் கடிதம்.

அனுப்பர்பாளையத்தைத் தாண்டி அதே அவிநாசி ரோட்டில் போனால் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமாகத் திரும்பிக்கொண்டிருந்த சுந்தரரை, சிவபெருமானின் பூதகணங்களே வேடர் வேடத்தில் வழிமறித்துப் பறித்த தலம் என்கிறது தலபுராணம். சுந்தரர் பதிகம் பாடிப் பொருளைத் திரும்பப் பெற்றார். வேலை புரோக்கரிடம் கொடுத்த பணம் எந்தப் பாட்டுக்கும் திரும்பாது மக்களே! வேலை கொடுக்கும் கம்பெனி உங்களிடம் பணம் கேட்காது. கடிதம் வந்தால், அந்த கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சந்து அமைதியான நாள்

மீண்டும் நம் 22 வயதுப் பெண்ணின் வீட்டுக்கே வருவோம். மூன்றாவது இன்டர்வியூவுக்குத் தேதி வந்தது. காலை 11 மணி, பட்டறை முழு வேகத்தில் ஓடும் நேரம்.

"இதுவும் போச்சுன்னா விட்டுரலாம், கல்யாணத்தைப் பாருங்கன்னு சொந்தத்துல பேச ஆரம்பிச்சுட்டாங்க" என்கிறார் அம்மா. அதற்கு முந்தைய நாள் சாயங்காலம், அப்பா சந்தில் உள்ள ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கியிருக்கிறார்.

"எல்லாருக்கும் உருப்படிக் கூலிங்க தம்பி. அடிச்சாத்தான் காசு. சுத்தியலை நிறுத்துங்கன்னு கேக்கறதுக்கே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. என்ற பொண்ணுக்கு இன்டர்வியூ, கொஞ்ச நேரம் பொறுத்துக்கோணும்னு கேட்டேனுங்க. 'அதுக்கென்ன மாப்ளே, டீ குடிச்சுட்டு வந்தாப் போச்சு'ன்னுட்டாங்க." சொல்லும்போது அவர் கண் தரையில் இருந்தது.

மறுநாள் 11 மணிக்குச் சந்து ஓய்ந்தது. இன்டர்வியூ தொடங்கியது. எடுத்தவர் ஒரு மேடம். பழைய கேள்விதான்: "நீங்களே செய்த ப்ராஜெக்ட் எதுவும் இருக்கிறதா?"

இந்த முறை அவர் லைப்ரரி பக்கமே போகவில்லை. "எங்க அப்பா பாத்திரத் தொழிலாளி மேடம். அவருடைய கூலிக்கணக்குக்கு ஒரு சின்ன அப்ளிகேஷன் செஞ்சிருக்கேன்" என்று தொடங்கியிருக்கிறார். எடுத்த தகடு எத்தனை கிலோ, திருப்பிக்கொடுத்த பாத்திரம் எத்தனை கிலோ, வெட்டுக்கழிவு எவ்வளவு, எந்தப் பாத்திரத்துக்கு என்ன கூலி, வாங்கிய முன்பணம் போக சனிக்கிழமை கையில் எவ்வளவு. நோட்டில் எழுதிச் சண்டை வந்துகொண்டிருந்த கணக்கை, அப்பாவின் போனில் பார்க்கும்படி செய்துகொடுத்திருந்தார். அதை ஒரு 'ப்ராஜெக்ட்' என்று அதுவரை அவர் நினைக்கவே இல்லை!

மேடம் கேட்டிருக்கிறார்: "கூலி உயர்ந்தால் என்ன செய்வீர்கள்? புது ரேட்டைப் போட்டதும் பழைய வாரக் கணக்கெல்லாம் மாறிவிடாதா?"

"மாறிடுச்சு மேடம்!" என்று சிரித்தேவிட்டாராம். இங்கே கூலி, தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கமும் பேசி முடிவு செய்யும் ஒப்பந்தப்படி உயரும். அப்படி உயர்ந்தபோது புது ரேட்டைப் போட, பழைய கணக்குகள் எல்லாம் ஒரே ராத்திரியில் ஏறிவிட்டன. அப்பாவிடம் திட்டு வாங்கி, எந்தத் தேதியிலிருந்து எந்த ரேட் என்று தனி அட்டவணை போட்டுச் சரிசெய்திருக்கிறார். அதை அப்படியே விளக்கியிருக்கிறார். இங்கிலீஷ் இரண்டு மூன்று இடத்தில் தடுக்கியது. "பரவால்ல, தமிழ்லயே சொல்லுங்க" என்றாராம் மேடம். அதன்பின் பேச்சு முழுக்கப் பாத்திரக் கணக்குதான்.

40 நிமிடம் முடிந்து லேப்டாப்பை மூடியதும், அவர் வாசலுக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். எதிர்ப் பட்டறையில் முதல் 'டங்' விழுந்தது. பின்னாலேயே சந்து முழுக்க.

நான் போனபோது, தேர்வாகிவிட்டதாக மெயில் வந்திருந்தது. சேரும் தேதி மட்டும் இன்னும் வரவில்லை. ஆஃபர் வந்த பிறகும் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் கதை அவருக்கும் தெரியும். அதனால், வேறு இரண்டு கம்பெனிகளுக்கும் விண்ணப்பித்துக்கொண்டேதான் இருக்கிறார். சும்மா இருக்கும் நேரத்தில், எதிர்ப் பட்டறைக்காரருக்கும் அதே கூலிக்கணக்கை போனில் ஏற்றிக்கொடுத்திருக்கிறார்.

"காசு தர்றேன்னாருங்க. நாற்பது நிமிஷம் ஏற்கெனவே கொடுத்துட்டீங்களேன்னு சொல்லிட்டேன்."

கிளம்பும்போது கேட்டேன், அடுத்த இன்டர்வியூவிலும் 'அது என்ன சத்தம்?' என்று கேட்டால்?

"எங்க அப்பா வேலை செய்யறார்னு சொல்லுவேன்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்தச் சத்தம் என்கூடவே வந்தது.