கல்சுபாயின் பாதி வழியில்

மகாராட்டிரத்தின் மிக உயர்ந்த சிகரம் கல்சுபாய். உயரம் 1,646 மீட்டர். மும்பையிலிருந்து இகத்புரி வரை இரயிலிலும், அங்கிருந்து அடிவாரச் சிற்றூராகிய பாரி வரை வண்டியிலும் சென்றால் ஒரே நாளில் ஏறித் திரும்பிவிடலாம்.

நாங்களும் அவ்வாறே புறப்பட்டோம். செங்குத்துப் பாறைகளில் பொருத்திய இரும்பு ஏணிகளுள் முதலாவதைக் கடந்ததும் மூத்த தமக்கையாரின் கணுக்கால் பிசகிற்று. எலும்புக்கு ஊறில்லை, வீக்கந்தான். ஆயினும், சுளுக்கிய காலுக்கு ஏற்றத்தினும் இறக்கமே கொடிது. அவரைத் தாங்கி அனைவரும் இறங்கினோம். பிள்ளைகளுக்குத்தான் பெருங்குறை.

பாரியில் ஒரு மூதாட்டியார் ஈரத்துணி சுற்றி, காலை உயர்த்தி வைத்து, தேநீரும் தந்தார். உச்சியில் கோயில் கொண்ட தெய்வத்தைப் பற்றிக் கேட்டோம்.

கல்சு ஒரு கோளி இனப் பெண்ணாம். பாத்திரம் விளக்குவதில்லை, வீடு பெருக்குவதில்லை என்ற நிபந்தனையோடு ஒரு வீட்டில் வேலைக்கு அமர்ந்தாளாம். ஒரு நாள் பாத்திரம் விளக்க ஏவினர். விளக்கி வைத்துவிட்டு மலையேறியவள் திரும்பவேயில்லையாம்.

“நாற்பது ஆண்டு விளக்கிவிட்டு நானும் புறப்பட்டேன், கால்தான் விடவில்லை” என்றார் தமக்கையார்.

பெண்டிர் நகைத்தனர். ஆடவராகிய எங்களுக்கு உடனே சிரிப்பு வரவில்லை.