துணியைத் தொடலாம்

கும்பகோணத்தில் அந்தக் கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடம், முகூர்த்தம் இல்லாத நாட்களில் கராத்தே வகுப்பாகிவிடும். மேசைகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கியிருப்பார்கள். நேற்றைய பந்தியின் சாம்பார் வாசனை இன்னும் முழுதாகப் போயிருக்காது. சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். பேத்தியைக் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு. கை கழுவும் தொட்டிக்கு அருகே போட்டிருக்கும் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கூட வருகிறவர்களுக்கு மாஸ்டர் வைத்திருப்பவை இரண்டே விதிகள். பேசக் கூடாது. போன் ஒலிக்கக் கூடாது. எட்டு மாதமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வாசற்படிக்கு வெளியே செருப்புகள் ஒரே வரிசையில் கிடக்கும். ஜோடி ஜோடியாக, முனை தெருவைப் பார்த்தபடி. படி ஏறுகிற பிள்ளை நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பிலிருந்து குனிந்து "ஓஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கும். உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வணக்கம் உண்டு. அது கூடத்துக்கான வணக்கம். எங்கள் ஊரில் சிலம்ப ஆசான் கம்பை எடுக்குமுன் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொள்ளும் தரையை முதலில் வணங்குவது அவருக்கும் தெரிந்திருந்தது.

பயிற்சி நடக்கும் இடத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் டோஜோ. வழியைக் கற்கும் இடம் என்று பொருள் சொல்வார்கள். புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் போதிமண்டம் என்ற வடமொழிச் சொல்லைச் சீனத்தில் மொழிபெயர்த்தபோது உண்டான சொல் அது. சண்டைக்கலைக்கு வருமுன் அது தியானத்தின் சொல்லாக இருந்தது. அதை அறிந்தபிறகு, மடக்கிய மேசைகளுக்கு நடுவே இந்தப் பிள்ளைகள் குனிவதை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

உள்ளே வந்ததும் ஒரு பழைய டிபன் பாக்ஸ் மூடி கைமாறும். வளையல், கொலுசு, மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் அதில் போகும். கழற்ற முடியாத தோட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். பிறகு மாஸ்டர் வரிசையாக நகம் பார்ப்பார். வளர்ந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் நகவெட்டியை நீட்டுவார். உன் நகம் இன்னொருவன் கன்னத்தைக் கிழிக்கக் கூடாது, உன் மோதிரம் இன்னொருத்தி உதட்டை உடைக்கக் கூடாது. ஒழுங்கு என்று இங்கே சொல்லப்படுவதெல்லாம், தேடிப்போனால், இப்படி எதிரே நிற்பவரின் உடம்பில்தான் போய் முடிகிறது.

மாஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். பகலில் லேத் பட்டறை. வலது கையின் ஆள்காட்டிவிரல் முட்டியும் நடுவிரல் முட்டியும் தடித்துப்போயிருக்கும். குரலை உயர்த்தமாட்டார். வந்தவுடன் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு போட்டோவை எடுத்து, மணமக்கள் பெயர்ப்பலகை மாட்டும் ஆணியில் மாட்டுவார். படத்தில் இருப்பவர் ஃபுனகோஷி கிச்சின். 1868-இல் ஒக்கினாவாத் தீவின் ஷூரியில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். 1922-இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைச் செய்து காட்டியவர், அங்கேயே தங்கிக் கற்றுத்தந்து 1957-இல் காலமானார். கராத்தே என்ற சொல்லின் முதல் எழுத்து அதற்கு முன்பெல்லாம் சீனத்தைக் குறித்தது. பொருள் 'சீனக் கை'. அதே ஒலியுள்ள வேறு எழுத்தை வைத்து 'வெறுங்கை' என்று எழுதும் வழக்கத்தை 1936-இல் நாஹா நகரில் கூடிய ஆசான்கள் ஏற்றுக்கொண்டார்கள். வாத்தியாராக இருந்த ஒருவரின் படத்துக்குக் கீழே, வெறுங்கையோடு நாற்பது பிள்ளைகள்.

என் நாற்காலிக்கு எதிரே ஒரு பொடியன் பெல்ட் கட்டிக்கொண்டிருக்கிறான். ஆறு வயது. முதுகை எல்லாருக்கும் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சட்டையைச் சரி செய்கிறான். உடையைத் திருத்துவதை யார் முகத்துக்கு நேராகவும் செய்யக் கூடாது. பெல்ட்டின் நடுவைத் தொப்புளில் வைக்கிறான். இரண்டு முனையையும் பின்னால் கொண்டுபோய், குறுக்கே மாற்றி, முன்னால் இழுக்கிறான். ஒன்று நீளம், ஒன்று குட்டை. அவிழ்க்கிறான். மறுபடி. நாக்கின் நுனி உதட்டோரத்தில் எட்டிப்பார்க்கிறது. மூன்றாம் தடவை முடிச்சு விழுந்ததும் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து அளந்து பார்க்கிறான். சமம். பக்கத்தில் நின்ற பிரவுன் பெல்ட் அண்ணன் இவ்வளவு நேரமும் உதவிக்குக் கை நீட்டவில்லை. முடிந்ததும் தலையை மட்டும் அசைத்தான்.

வெள்ளை உடுப்பும் பெல்ட்டும் ஒக்கினாவாவிலிருந்து வந்தவை அல்ல. 1882-இல் கோடோக்கான் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை வளர்த்த கானோ ஜிகோரோவிடமிருந்து ஃபுனகோஷி எடுத்துக்கொண்டவை. தன் மாணவர்களுக்கு அவர் முதன்முதலில் கறுப்பு பெல்ட் தந்தது 1924-இல். இன்று சில இடங்களில் பணம் கட்டக் கட்ட நிறம் மாறுகிறது. பிள்ளைக்கு நிற்கவே வராதபோது பெல்ட் மட்டும் இருண்டுகொண்டே போகிறது. அதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. இங்கே அந்தப் பொடியன் வெள்ளையோடு இரண்டாம் வருடத்தில் இருக்கிறான்.

வரிசை நிற்கிறது. மூத்தவர்கள் வலது கோடியில், புதியவர்கள் இடது கோடியில், என் பேத்தி கடைசி வரிசையில். இடது முழங்கால் முதலில் தரையைத் தொடுகிறது, பிறகு வலது. நாற்பது பேரும் குதிகால் மேல் உட்கார்ந்து கண்ணை மூடுகிறார்கள். மண்டபத்துக்கு வெளியே பஸ் ஹாரன், பூக்காரம்மாவின் குரல். உள்ளே மின்விசிறியின் சத்தம் மட்டும். பிறகு படத்துக்கு ஒரு வணக்கம், ஆசிரியருக்கு ஒரு வணக்கம். மாஸ்டரும் அதே அளவு குனிகிறார். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வயது மனிதர் தரையில் கை ஊன்றிப் பதில் வணக்கம் வைப்பதை நான் வேறெந்த வகுப்பறையிலும் பார்த்ததில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் பிரம்புதான் பேசியது. பயத்தை மரியாதை என்று நினைத்தே நாங்கள் வளர்ந்தோம். இரண்டும் வேறு என்று இந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் எனக்கு விளங்கியது.

"இச்சி, நி, சான், ஷி..." காவிரிக்கரைக் குழந்தைகள் ஜப்பானிய எண்ணில் குத்துகிறார்கள். அப்புறம் கதா, அதாவது அடவுகளைக் கோத்த வரிசை. புதியவர்களுக்கு ஹெய்யான் ஷோதான். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒக்கினாவாவின் இத்தோசு ஆங்கோ அமைத்த ஐந்தில் ஒன்று. ஹெய்யான் என்ற பெயரை எழுதும் எழுத்துக்களுக்கு அமைதி என்று பொருள். 21 அசைவுகள். முதல் அசைவு, இடப்பக்கம் திரும்பிக் கீழே வரும் அடியைத் தடுப்பது. குத்து அதற்குப் பிறகுதான். சண்டையைத் தொடங்குகிறவனாக இந்த வரிசைக்குள் யாரும் நுழைய முடியாது.

ஒரு நாள் மணி ஏழு இருக்கும். பச்சை பெல்ட் பிள்ளைகளை ஜோடி பிரித்து விட்டிருந்தார் மாஸ்டர். குத்தை முகத்தருகே கொண்டுபோய்த் தொடாமல் நிறுத்த வேண்டும், அதுதான் பயிற்சி. முன்வரிசையில் ஒரு பெண், பதின்மூன்று வயது. எதிரே ஒரு பையன், அவளைவிட அரை அடி குட்டை. அவள் குத்தினாள். அதே நொடியில் அவனும் முன்னால் வந்தான். கை நிற்கவில்லை.

"யாமே."

'நிறுத்து' என்று சத்தம் போடாமல் சொன்ன அந்தக் குரலுக்குக் கூடம் அப்படியே நின்றது. பையனின் மூக்கிலிருந்து ரத்தம் சட்டைமேல் சொட்டியது. மற்ற பிள்ளைகள் யாரும் சொல்லாமலே சுவரைப் பார்த்துத் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். அடிபட்டவனை வேடிக்கை பார்க்கக் கூடாது. அவன் அழுதாலும் அது அவனுடைய அழுகை. முப்பத்தெட்டு முதுகுகள். என் பேத்தியின் முதுகும் அதில் ஒன்று.

எனக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மா எழுந்துவிட்டார். அவருடைய பையன். செருப்பு ஒன்று எங்கேயோ, இன்னொன்று கவிழ்ந்து எங்கேயோ கிடக்க, வெறுங்காலோடு ஓடினார். மாஸ்டர் தடுக்கவில்லை, விலகி இடம் விட்டார். அந்த அம்மா பையனின் தலையை அண்ணாந்து சாய்க்கப் போனார்.

"நிமித்தாதீங்கம்மா. ரத்தம் தொண்டைக்குள்ள போயிடும். முன்னால குனியட்டும்."

மூக்கின் மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். வாயால் மூச்சு விடச் சொன்னார். அந்த அம்மா முந்தானையால் மகனின் மோவாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் அப்படியே போனது. ரத்தம் நின்றது. எலும்பைத் தொட்டுப் பார்த்தார் மாஸ்டர். பிறகுதான் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஏன் பட்டுச்சு?"

"அவன் முன்னால வந்துட்டான் மாஸ்டர்."

"வருவான். வர்றவன் மேல படாம நிறுத்தத்தானே மூணு வருஷமா கத்துக்கிற."

அவள் தலையைக் குனிந்தாள். திட்டு இல்லை, தண்டனை இல்லை. மாஸ்டர் பையனிடம் குனிந்து கேட்டார்: "அவளுக்கு எதிர்ல நிக்க முடியுமா தம்பி? முடியலன்னா உக்காரு. அதுல தப்பில்ல." பையன் அம்மாவைப் பார்த்தான். மாஸ்டரும் பார்த்தார். அந்த அம்மாவின் வாய் எதையோ சொல்லத் திறந்தது, சொல்லாமல் மூடியது. ஒரு தடவை தலையசைத்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார்.

பையன் அவள் முன்னால் போய் நின்றான். இருவரும் குனிந்து வணங்கினார்கள்.

"நெஞ்சுக்குப் பத்து குத்து. துணியைத் தொடலாம். உடம்பைத் தொடக் கூடாது."

முதல் குத்து நெஞ்சுக்கு நாலு விரற்கடை தள்ளியே நின்றது. இரண்டாவதும் அப்படித்தான். மாஸ்டர் சொன்னார்: "இது பயம். பயந்து நிக்கிறது வேற, நிறுத்துறது வேற. கிட்டப் போ." மூன்றாவது குத்தில் அவள் தோள் நடுங்குவது எனக்கே தெரிந்தது. ஐந்தாவதில் ஒரு விரற்கடை. பையன் கண்ணைச் சிமிட்டினான். "பாத்துக்கிட்டே நில்லு தம்பி" என்றார் மாஸ்டர். ஆறு, ஏழு. எட்டாவதில் அவள் குதிகால் தரையில் பதிந்தது, இடுப்பு திரும்பியது, முட்டி போய் நின்றது. சட்டைத் துணி லேசாகக் குழிந்தது, அவ்வளவுதான். பத்தாவது குத்து முழு வேகத்தில் வந்தது. ரத்தக்கறைக்கு ஒரு சாண் கீழே துணி 'சட்'டென்று ஒலித்தது. பையன் நெஞ்சு அசையவில்லை. கண்ணும் சிமிட்டவில்லை.

மீண்டும் குனிந்து வணங்கினார்கள். இந்தத் தடவை அவள் நிமிர நேரமானது.

அடிக்கத் தெரிவதற்கு ஆறு மாதம் போதும். நிறுத்தத் தெரிவதற்குத்தான் இத்தனை வருடம், இத்தனை குனிதல், நகவெட்டி, டிபன் பாக்ஸ் மூடி. தெருவில் நிற்காத கைகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். வீடுகளுக்குள்ளும் பார்த்துவிட்டோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு கை தன் முழு பலத்தோடு போய் இன்னொருவர் சட்டைத் துணியில் நிற்கப் பழகுவதென்றால், அந்த ஊருக்கு அதைவிடப் பெரிய காப்பு என்ன இருக்கிறது? எனக்குப் பக்கத்தில் ஒரு தாயின் வாயும் அப்படியே நின்றதைப் பார்த்தேன். கூடத்துக்குள் பழகுவது நாற்காலி வரைக்கும் வந்துவிடுகிறது.

முடிவு வணக்கம் நடந்தது. பிள்ளைகள் துடைப்பம் எடுத்துக் கூடத்தைப் பெருக்கினார்கள். கறுப்பு பெல்ட் அண்ணன்களும் பெருக்கினார்கள். படம் ஆணியிலிருந்து இறங்கித் துண்டுக்குள் போனது. மறுநாள் முகூர்த்தம். சமையல்காரர்கள் பாத்திரங்களை இறக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வெளியே வந்தபோது அந்த அம்மா தன் செருப்பைத் தேடிக் குனிந்தார். வீசிப்போட்ட இடத்தில் இல்லை. படிக்குக் கீழே, மற்ற ஜோடிகளின் கடைசியில், முனை தெருவைப் பார்க்க, ஒன்றோடொன்று ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பெண் அப்போதுதான் அங்கிருந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். மகனின் தோளில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"திங்கக்கிழமை வருவேல்ல?"

"ஓஸ்" என்றது அவள் வாய். பிறகு, மெதுவாக: "வரேன் ஆன்ட்டி."